ஏழாம் அறை நாற்றுகள்

பதினோரு நாள் நாற்று ஐந்து விரற்கடை உயரம் நிற்க வேண்டும். ஏழாம் அறையில், ஆளுயரத்துக்குத் தட்டுகள் ஏற்றிய மூன்றாவது அடுக்கில் அது இரண்டு விரற்கடைதான் இருந்தது. வித்திலைகள் இரண்டும் விரிந்தபடியே தடித்துப் போயிருந்தன. நடுவில் எட்டிப் பார்த்த முதல் இலைகள் மூடிய கைபோலச் சுருண்டிருந்தன. நாலடி தள்ளி அடுத்த அடுக்கில், அதே விதை, அதே நாளில் ஊன்றியது, மூன்று ஜோடி இலை விட்டு விளக்கைப் பார்த்து நிமிர்ந்து நின்றது.

தமயந்தி குனிந்து ஒரு குட்டை நாற்றைக் குழித்தட்டிலிருந்து மெல்ல உருவிப் பார்த்தாள். வேர் வெள்ளை வெளேரென்று இருந்தது. அழுகல் இல்லை, புழு இல்லை. கோளாறே தெரியாத கோளாறுதான் அவளுக்கு எப்போதும் பயம்.

இருபது வருடம் தக்காளிக்கும் மிளகாய்க்கும் நோய் பார்த்தவள் அவள். சட்டம் மாறி, மருந்துக்காகக் கஞ்சா வளர்க்க உரிமம் கொடுக்க ஆரம்பித்த பிறகு, ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை போகும் சாலையில் ஜன்னலே இல்லாத இந்த வெள்ளைக் கட்டடம் எழுந்தது. பன்னிரண்டு அறைகள். இங்கே வளரும் செடியின் எண்ணெய், வலிப்பு வரும் குழந்தைகளுக்கு மருந்தாகப் போனது. வாசல் பலகையில் மருந்துச் செடி ஆய்வகம் என்று எழுதியிருந்தாலும் ஊருக்குள் அதற்குக் கஞ்சா கம்பெனி என்றுதான் பெயர். அங்கே வேலை செய்த பெண்கள், சம்பந்தம் பேச வருகிறவர்களிடம் ரோஜாப்பூ கம்பெனி என்று சொல்லிச் சமாளித்தார்கள்.

குழந்தைகளுக்கான மருந்து என்பதால் பூச்சிக்கொல்லி ஒரு சொட்டுகூட அடிக்கக் கூடாது. அதற்காகவே செல்வின் இந்த விதையை உருவாக்கியிருந்தான். நாகர்கோவில்காரன், முப்பத்தாறு வயது, இந்த இடத்தின் பொறுப்பு முழுக்க அவன் கையில். பக்கத்தில் ஒரு செடிக்குச் சீக்கு தொடங்கினால், கண்ணுக்குத் தெரியும் முன்பே அதன் வாசனையை இவன் நாற்று மோந்துவிடும். உடனே வளர்வதை நிறுத்தித் தோலைக் கெட்டியாக்கிக்கொள்ளும். ஆபத்து விலகினால் மறுபடி வளரும்.

அப்படியானால் ஏழாம் அறையில் எங்கோ சீக்கு இருக்கிறது. தமயந்தி அதைத் தேடினாள். தண்ணீரின் புளிப்பைச் சோதித்தாள், உப்பை அளந்தாள், விளக்கின் உயரத்தை மாற்றினாள், தென்னைநார்க் கழிவை மூட்டையோடு மாற்றச் சொன்னாள். இலைகளை வைரஸ் சோதனைக்குப் பெங்களூருக்கு அனுப்பினாள். எல்லாம் சுத்தம் என்று பதில் வந்தது. குட்டைத் தட்டுகளைத் தூக்கி ஐந்தாம் அறையில் வைத்தாள். நான்கே நாளில் விறுவிறுவென்று வளர்ந்தன. ஐந்தாம் அறையின் நல்ல தட்டுகளை ஏழாம் அறையில் வைத்தாள். இரண்டு நாளில் சுருண்டன.

கேமரா பதிவிலிருந்து நாற்றுகளின் உயரத்தைப் படமாக வரைந்து பார்த்தாள். மூன்றாவது அடுக்கின் இரு ஓரத்திலும் நாற்றுகள் நன்றாக இருந்தன. நடுவே வரவரக் குறைந்தன. இடுப்பு உயரத்திலிருந்து மார்பு உயரம் வரையிலான தட்டுகள்தான் மிக மோசம். அந்தப் பள்ளம் ஒரு ஆள் நிற்கும் வடிவத்தில் இருந்தது.

அந்த அடுக்கைப் பார்த்துக்கொண்டவள் பூங்காவனம். முப்பத்தொன்பது வயது. ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு பெண் என்று இருந்த அந்த இடத்தில், நாற்றுக்கு நோகாமல் நீர் தெளிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. தன் தட்டுகள் மட்டும் இப்படிப் போவதில் அவளுக்கு அவமானம். முன்பைவிட அதிக நேரம் அவற்றின் மேலேயே குனிந்து நின்றாள்.

நாத்தனார் மகனுக்குக் காதுகுத்து என்று அவள் நான்கு நாள் விடுப்பில் போனாள். நான்காம் நாள் மூன்றாவது அடுக்கு மளமளவென்று எழும்பியிருந்தது. அவள் திரும்பி வந்த மூன்றாம் நாள் மறுபடி சுருண்டது. தமயந்தி ஒரு காரணமும் சொல்லாமல் அவளை ஒரு வாரம் இரண்டாம் அறைக்கு மாற்றினாள். இரண்டாம் அறையில், அதே உயரத்தில், அதே பள்ளம் விழுந்தது.

அன்று மதியமே தமயந்தி செல்வினின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"உன் நாத்து சரியா எதை மோந்து பாக்குது செல்வின்?"

"கெட்டுப்போன செல்லு, தாறுமாறாப் பெருகுற செல்லு, இதுல எல்லாம் ஒரு ஆவி வரும் மேடம். நம்ம மூக்குக்குத் தெரியாது. அதுக்குத் தெரியும்."

"அந்த செல்லு செடியோடதாத்தான் இருக்கணுமா?"

அவன் எழுந்து கதவு சாத்தியிருக்கிறதா என்று மறுபடி பார்த்தான்.

"விதைய நான் அப்படிப் பிரிச்சு உருவாக்கல மேடம்" என்றான். "செடின்னோ மனுசன்னோ அதுக்குத் தெரியாது."

அவள் வரைந்த படத்தை அவன் முன் வைத்தாள். அவன் அதைத் தொடவில்லை. பிறகு இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். இது ஊகம்தான், நிரூபணம் இல்லை என்றான் அவன். தப்பாக இருந்தால் ஒரு நல்ல மனுஷியைப் பயத்தாலேயே கொன்ற பாவம் வரும். சரியாக இருந்தாலோ பத்திரிகைக்காரர்கள் வாசலில் நிற்பார்கள், உரிமம் போகும், மருந்துக்குக் காத்திருக்கும் குழந்தைகள் என்ன ஆவார்கள் என்று கேட்டான். இப்போதைக்கு அவளைக் கிடங்கு வேலைக்கு மாற்றிவிடலாம், நாற்றாவது பிழைக்கட்டும் என்றான். அவன் சொன்ன எதிலும் பொய் இல்லை. தமயந்தி ஒத்துக்கொண்டாள்.

பூங்காவனம் கிடங்குக்குப் போனாள். மூன்றாவது அடுக்கு சமமாக வளர்ந்தது. அறிக்கையில், காரணம் தெரியவில்லை, குறை சரியாகிவிட்டது என்று எழுதித் தமயந்தி கையெழுத்துப் போட்டாள்.

அதன் பிறகு ஒன்பது நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கிடங்கின் வழியாகப் போக நேர்ந்தால் சுற்றிக்கொண்டு போனாள். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே அந்தப் பெண்ணின் உடம்புக்குள் ஏதோ ஒன்று ஒவ்வொரு நாளும் பெருகிக்கொண்டிருக்கிறது, அது தெரிந்த இரண்டே பேர் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பு அவளைத் துரத்தியது. மற்ற பெண்கள் தாங்களாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார்கள். பூங்காவனத்துக்குக் கைராசி போய்விட்டதாம். அவள் தொட்டது துளிர்க்காதாம். சாப்பாட்டு நேரத்தில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நிறைமாதமாக இருந்த ஒருத்தி அவளைப் பார்த்ததும் முந்தானையை வயிற்றின் மேல் இழுத்து விட்டுக்கொண்டதைத் தமயந்தியே தன் கண்ணால் பார்த்தாள்.

பத்தாம் நாள் பூங்காவனம் அவளைத் தேடி வந்தாள். உள்ளே வராமல் கதவோரம் நின்றாள்.

"மேடம், என் கை ஆகாத கைன்னு சொல்றாங்க. என் வீட்டுக்காரர் காதுக்கும் போயிடுச்சு. நீங்க படிச்சவங்க. நீங்களும் அப்படி நினைச்சுத்தான் என்னை மாத்தினீங்களா?"

தமயந்தி அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். சொல்வதற்கு நல்ல வார்த்தை தேடினாள், கிடைக்கவில்லை. படத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள். செடி எதை மோப்பம் பிடிக்கிறது என்பதையும், தனக்கு இது இத்தனை நாளாகத் தெரியும் என்பதையும் சேர்த்தே சொன்னாள்.

பூங்காவனம் தன் இரண்டு கைகளையும் புரட்டிப் பார்த்தாள்.

"அப்போ கை இல்லைங்களா?" என்றாள். ஒரு கணம் அவள் முகத்தில் நிம்மதிதான் வந்தது. சொன்னதன் மீதி அவளுக்கு அதற்கப்புறம்தான் உறைத்திருக்க வேண்டும். நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு ரெண்டு பொண்ணுங்க மேடம்" என்று மட்டும் சொன்னாள்.

அவர்கள் போய்ப் பார்த்த முதல் மருத்துவர் சிரித்தார். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, எடை குறையவில்லை, எதற்கம்மா ஸ்கேன் என்று கேட்டார். கஞ்சாச் செடி சொன்னது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? தமயந்தி அடுத்த இடத்தில் பொய் சொன்னாள். இவளுக்கு இரண்டு மாதமாக அடிவயிற்றில் வலி என்றாள். அங்கே மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மூன்றாவதாகப் பார்த்த பெண் மருத்துவர்தான் வாய் பேசாமல் கேட்டுக்கொண்டு எல்லாச் சோதனையும் எழுதிக் கொடுத்தார். இடது சினைப்பையில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி. கெட்ட கட்டி. இவ்வளவு சின்னதாக இதை யாரும் கண்டுபிடித்து வருவதில்லை, எப்படி வந்தீர்கள் என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். 

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மூன்று மாதம் கழித்து, தலைமுடி உதிர்ந்து, முக்காடு போட்டுக்கொண்டு பூங்காவனம் வேலைக்குத் திரும்பினாள். அவளே போய் மூன்றாவது அடுக்கின் முன் நின்றாள். நாற்றுகள் சுருளவில்லை.

அதற்குள் விஷயம் கட்டடம் முழுக்கப் பரவியிருந்தது. யாரும் அதை அதிசயம் என்று கொண்டாடவில்லை. அதுவரை தட்டுகளைப் பிள்ளைபோலப் பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நீர் தெளித்தார்கள். சிலர் முகமூடியின் மேல் முகமூடி போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒரு தட்டில் தற்செயலாக நாலு நாற்று பின்தங்கினாலும் அந்த அடுக்குக்காரி அழ ஆரம்பித்தாள். இரண்டு பேர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார்கள். இதை உருவாக்கிய செல்வின் நாற்று அறைக்குள் காலடி வைப்பதையே விட்டுவிட்டான். கேமரா வழியாகவே எல்லாம் தெரிகிறது, எதற்கு வரவேண்டும் என்றான். ஏன் என்று யாரும் அவனைக் கேட்கவில்லை.

தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. மாதம் ஒருமுறை, மூன்று நாள் தொடர்ந்து, ஒவ்வொருவரும் நாற்றுத் தட்டின் முன் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். முடிவு அலுவலகத்துக்கு மட்டும் போகும். பயிருக்கு ஆகாதவர்களுக்கு வேறு ஏற்பாடு செய்யப்படும். வேறு ஏற்பாடு என்றால் என்ன என்று கிடங்கைப் பார்த்த எல்லாருக்கும் தெரியும். தமயந்தி இதற்கு உடன்பட மறுத்தாள். சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாரையும் கூட்டி, உத்தரவை அப்படியே படித்துக் காட்டினாள்.  நீர் தெளிக்கும் பெண்களில் மூத்தவள், ஐம்பத்தைந்து வயதான எல்லம்மா, முதலில் எழுந்தாள்.

"வைத்தியம் பாக்க வழி பண்ணிட்டு அப்புறம் செடிகிட்ட கேளுங்கம்மா. சாவு வருதுன்னு மட்டும் சொல்ற செடி எனக்கு வேணாம்."

மறுநாள் யாரும் அறைகளுக்குள் போகவில்லை. நான்காம் நாள் தலைமை அலுவலகம் இறங்கி வந்தது. விரும்பினவர் மட்டும் உட்காரலாம், முடிவு அவருக்கு மட்டும், வைத்தியம் கம்பெனி பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். அறுபத்தொரு பேரில் ஒன்பது பேர் உட்கார்ந்தார்கள். ஐம்பத்திரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். வேண்டாம் என்றவர்களைக் குறைசொல்லத் தமயந்திக்கு மனம் வரவில்லை.

அவள் உட்காரவில்லை. அவளுக்கு அது தேவைப்படவில்லை. தினமும் காலையில் பன்னிரண்டு அறைக்கும் போய் ஒவ்வொரு அடுக்காகக் குனிந்து அளக்கிறவள் அவள். எங்கும் பள்ளம் இல்லை, எல்லாத் தட்டும் கத்தரித்துவிட்டதுபோல ஒரே மட்டம். ஒவ்வொரு நாளும் கடைசி அறையை விட்டு வெளியே வரும்போது, இன்றும் தப்பித்தேன் என்று உள்ளுக்குள் ஒரு மூச்சு விடுவாள். யாரிடமும் சொல்லாத மூச்சு அது.

இப்படி எட்டு மாதம் போனது.

தை பிறந்த சமயத்தில், கர்நாடகத்தில் இருக்கும் இன்னொரு கிளையிலிருந்து வழக்கமான அறிக்கை வந்தது. அவர்களுடைய பதினோரு நாள் நாற்று ஐந்தரை விரற்கடை. தமயந்தி தன் குறிப்பைப் புரட்டினாள். இங்கே மூன்றரை. ஏழாம் அறையில் மட்டும் இல்லை, எல்லா அறையிலும் மூன்றரை. ஐந்தாக இருந்தது ஆவணியில் நாலரை ஆகியிருக்கிறது, ஐப்பசியில் நாலு, இப்போது மூன்றரை. அவளே கைப்பட எழுதியவை. புது விதை, கொஞ்சம் மெல்லத்தான் வரும் என்று ஒரு மாதம் நினைத்தாள். மார்கழிக் குளிர் என்று ஒரு மாதம் நினைத்தாள். கேமரா எச்சரிக்கவே இல்லை, ஏனென்றால் செல்வின் அதற்குத் தட்டையும் தட்டையும் ஒப்பிடத்தான் கற்றுக்கொடுத்திருந்தான். எல்லாமே ஒன்றாகக் குறைந்தால் அது என்ன செய்யும்?

அவள் முறைப்படி எல்லாவற்றையும் சோதித்தாள். தண்ணீர், உப்பு, விளக்கு, காற்று. ஏதாவது ஒன்று கெட்டிருக்க வேண்டும் என்று மனதார ஏங்கினாள். ஒன்றும் கெடவில்லை. வேரை உருவிப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று இருந்தது.

பன்னிரண்டு அறைக்கும் பொதுவானது எது என்று ஒரு தாளில் எழுத உட்கார்ந்தாள். தண்ணீர் என்று எழுதி அடித்தாள். மின்சாரம் என்று எழுதி அடித்தாள். பெண்கள் அவரவர் அறையை விட்டு மாறுவதில்லை. செல்வின் உள்ளேயே வருவதில்லை. மூன்றாவது வரியில் எழுத வேண்டியது என்னவென்று அவளுக்குத் தெரிந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

மறுநாள் பூங்காவனத்தைக் கூப்பிட்டு, தான் ஒரு வாரம் விடுப்பில் தருமபுரி வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். ஊன்றி நாலு நாள் ஆன நாற்றுகள் இருக்கின்றன, பன்னிரண்டு அறையிலும் தினமும் அளந்து வை, அவற்றுக்குப் பதினோரு நாள் ஆகும் ஏழாம் நாள் மட்டும் கூப்பிட்டுச் சொல், நடுவில் கூப்பிடாதே என்றாள். பூங்காவனம் அவளை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. சரிங்க என்று மட்டும் சொன்னாள்.

தமயந்தியின் கணவர் பக்தவத்சலம் பள்ளி ஆசிரியர். விடுப்பு மீதம் இருந்தது, எடுத்தேன் என்று அவரிடம் சொன்னாள். அவருக்குப் பிடித்த வாழைப்பூ வடை சுட்டாள், பரணை ஒழித்தாள், மெத்தைகளை வெயிலில் போட்டாள். குளிக்கும்போது தன் உடம்பை விரலால் அழுத்தி அழுத்தித் தேடினாள். எங்கும் ஒன்றும் தட்டுப்படவில்லை. பசி நன்றாக எடுத்தது, தூக்கம் வந்தது, வீட்டுக்கு வந்த பக்கத்து வீட்டுப் பெண் சதை போட்டிருக்கிறாய் என்றுகூடச் சொன்னாள். பூங்காவனத்துக்கும் அப்படித்தானே இருந்தது என்று நினைத்துக்கொண்டாள். இத்தனை வருடத் தொழிலில் அவள் நாற்று பிழைக்க வேண்டும் என்று வேண்டாத நாள் இல்லை. இந்த ஏழு நாளும் அவை வளரக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். விதை கெட்டதாக இருக்கட்டும். மொத்தமும் வீணாகப் போகட்டும். அங்கே அப்படியே குட்டையாக நிற்கட்டும்.

ஏழாம் நாள் காலை பதினொரு மணிக்கு ஃபோன் அடித்தது. கணவர் பள்ளிக்குப் போயிருந்தார். அவள் ஃபோனோடு சமையலறையில் போய் நின்றாள்.

பூங்காவனம் முதலில் சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். ஐயா நன்றாக இருக்கிறாரா என்று கேட்டாள். இங்கே இன்னும் பனி விடவில்லை என்றாள். அதற்குமேல் கேட்க அவளிடம் எதுவும் இல்லை.

"எவ்வளவு இருக்கு பூங்காவனம்?"

"அஞ்சுங்க மேடம். சிலது அஞ்சுக்கும் மேலயே."

"எந்த ரூம்ல?"

"எல்லா ரூம்லயும்ங்க. ரெண்டு தடவை அளந்து பாத்துட்டேன். செல்வின் சார் கேமராவுல பாத்துட்டு, இந்தத் தடவை விதை ரொம்ப நல்லா வந்திருக்குன்னு சொன்னாரு. நான் ஒண்ணும் சொல்லல."

தமயந்தி மேடைக் கல்லின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது.   

"மேடம்" என்றாள் பூங்காவனம். "நாளைக்கு நான் லீவு சொல்லிட்டேங்க. காலைல ஒன்பது மணிக்கு அந்த டாக்டரம்மா ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறேன். வயித்துல ஒண்ணும் சாப்பிடாம வாங்க, ரத்தம் எடுப்பாங்க."